கைலியை யார் கொண்டுபோனார்கள்?

கேள்வி: ஜூலை 28, இரவு 9:10

உலகமயமாக்கல் வந்த பிறகு உள்ளூர்ப் பண்பாடு என்று ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் தெருவில் கைலி கட்டுகிறவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். மற்ற எல்லாருக்கும் பெர்முடா, டிராக் பேண்ட். சாப்பாடும் அப்படித்தான், பாட்டும் அப்படித்தான். நம் கைலி நம்மை விட்டுப் போனதற்கு வெளிநாட்டுக்காரனைத் தவிர வேறு யார் காரணம்? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 28, இரவு 10:45

மறுப்பு இருக்கிறது. வடலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது பக்கத்தில் குறிஞ்சிப்பாடி, கைலி நெய்கிற குடும்பம். வீட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் குழித்தறி (குழிக்குள் கால் வைத்து மிதித்து நெய்யும் தறி), வலது பக்கம் அம்மா தார் (ஓடத்தில் வைக்கும் நூல்) சுற்றும் ராட்டை, நடுவில் நாங்கள் படுக்க இடம். அதனால் இந்தப் பேச்சை என்னால் தள்ளி நின்று பேச முடியாது.

'நம் கைலி' என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. எங்கள் தாத்தா வாழ்நாளெல்லாம் நெய்த கைலியில் பெரும்பகுதியை எங்கள் தெருவில் ஒருவரும் கட்டிப் பார்த்ததில்லை. அது சிங்கப்பூர் சரக்கு, மலேயா சரக்கு. எந்தக் கட்டம், கட்டத்துக்கு எத்தனை இழை, ஓரத்தில் என்ன நிறம் எல்லாம் அங்கிருந்து வருகிற கடிதத்தைப் பார்த்து வியாபாரி சொல்வார். தாத்தா கட்டியது வெள்ளை நாலு முழ வேட்டி. மூட்டையில் ஒட்டும் லேபிள் படங்களில் மிஞ்சியதை அவர் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். யானை, கப்பல், பிறை நிலா, பக்கத்தில் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. சின்ன வயதில் எனக்கு அதுதான் வெளிநாடு.

அந்தக் கட்டத்துணிக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் 'காயின் பெலிகாட்'. காயின் என்றால் துணி. பெலிகாட் என்பது நம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613ல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையின் துணியைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். ஊர்ப்பெயர் துணிப்பெயராகி அங்கேயே தங்கிவிட்டது. மலேசியாவில் பள்ளிவாசலுக்குப் போகிற ஆண்கள் இன்றைக்கும் கட்டுவது பெலிகாட். அங்கிருந்து நமக்கும் ஒரு சொல் வந்து சேர்ந்தது. கன்னியாகுமரிப் பக்கமும் இலங்கையிலும் கைலியைச் 'சாரம்' என்கிறார்களே, அது மலாய் 'சாரோங்'.

ஆக, வெளிநாட்டுக்காரன் கைலியைக் கொண்டுபோனது உண்மைதான். 400 வருஷமாகக் கொண்டுபோகிறான், காசு கொடுத்து. எங்கள் தறி ஓடியதே அதனால்தான்.

ஜூலை 29, காலை 6:50

ஒன்று விட்டுப்போச்சு. கைலி கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. என் கடையில் தீபாவளிக்கு முந்தின வாரம் கைலி மூட்டுவதற்கே தனியாக ஒரு மிஷின் ஓடும். இப்போது மூட்டித் தைத்தே பாலித்தீன் உறையில் வந்துவிடுகிறது. யாரும் மூட்டக் கொண்டுவராததால் கைலியே இல்லை என்று நானும் கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அப்புறம் மாடிகளில் காயும் துணியை எண்ணிப் பார்த்தேன். இருக்கிறது. வீட்டுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஜூலை 30, மதியம் 2:15

பெர்முடாவைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள், நைட்டியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பெண்கள் உடுத்துவது பண்பாட்டுக் கணக்கில் வருவது சேலை போகும்போது மட்டும்தான் போல.

என் கடையில் அதிகம் தைப்பது நைட்டி. வெள்ளைக்காரர்கள் படுக்கைக்குப் போட்ட உடுப்பு இங்கே காலை ஆறு மணிக்குப் பால் வாங்க வருகிறது. ஆனால் அது அங்கிருந்து வந்த மாதிரியே இருக்கிறதா? முழுக்கை வேண்டாம், முக்கால் கை வை. கழுத்தை ஏற்று. பக்கத்தில் ஒரு பாக்கெட் வை, சாவியும் சில்லறையும் போட. குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்களுக்கு முன்பக்கம் ஜிப் இரண்டு. துணி முழுக்கப் பருத்திதான், நம் வெயிலுக்கு வேறு எதுவும் ஆகாது. இதெல்லாம் எந்தக் கம்பெனியும் சொல்லிக் கொடுக்கவில்லை, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லி வந்தது. அதுக்கு மேல் தோளில் ஒரு துண்டு. வாசலில் ஆள் வந்தால் துண்டு மாராப்பு ஆகிவிடும். அந்தத் துண்டைப் பார்த்தால் இது எந்த ஊர் நைட்டி என்று உலகத்தில் யாரும் சொல்லிவிடலாம்.

என் அம்மாவுக்கு நைட்டி பிடிக்காது, கடைசிவரை சேலைதான் என்பார். 2019ல் இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது நான் தைத்துக் கொடுத்த இரண்டு நைட்டியில்தான் இருந்தார். எழுந்ததும் சேலைக்குத் திரும்பிவிட்டார். நைட்டிகளை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார், தூக்கிப் போடவில்லை.

ஆகஸ்ட் 2, இரவு 11:20

இதை எழுத வேண்டும் என்று நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் துணிக்கலை படிக்கிற ஒரு மாணவி எங்கள் ஊருக்கு வந்து தறிகளைப் பார்த்தாள். போகும்போது என் கடையில் ஒரு பை தைக்கக் கொடுத்தாள். தைக்கிற நேரத்தில் செல்போனில் சில படங்களைக் காட்டினாள். நைஜீரியாவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி என்று ஒரு மக்கள். தீவுகளில் இருக்கிறவர்கள், மீன்பிடியும் வியாபாரமும் தொழில். படத்தில் ஒரு வயதான அம்மாள் இடுப்பில் துணி சுற்றி உட்கார்ந்திருக்கிறார். அது நம் கட்டத்துணி. நம்முடையதேதான், சிவப்பும் கருநீலமும். ஆனால் கட்டத்துக்குள் கட்டமாக ஏதோ ஒரு கோலம் தெரிகிறது, வலை மாதிரி. இது என்ன நெசவு, இப்படி ஒரு பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழை) நான் பார்த்ததில்லையே என்று கேட்டேன்.

நெசவு இல்லையாம். நெய்து போன துணியை அவர்கள் எடுத்து, ஊசியால் ஓர் இழையை நெம்பித் தூக்கி, பிளேடால் இரண்டு இடத்தில் வெட்டி, நடுத் துண்டை உருவிவிடுகிறார்கள். அப்புறம் அடுத்த இழை. எல்லா இழையையும் இல்லை, வேண்டிய இழையை மட்டும். உருவ உருவத் துணி மெலிகிறது, மீதி இழைகளின் நிறம் தூக்கலாகிறது, உள்ளேயிருந்து ஒரு புது உருவம் எழும்புகிறது. ஒரு துணிக்குப் பல வாரம் ஆகும். அந்தத் துணிக்கு 'பெலெதெ பிதெ' என்று பெயர், வெட்டிய துணி. நம் கட்டத்துணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இன்ஜிரி'.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கடல் கடந்து போன துணியை அப்படியே கட்டிக்கொள்ளாமல், அதில் ஒரு வேலை செய்து தன்னுடையது ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை பிறந்தால் அந்தத் துணி, சாவு விழுந்தால் அந்தத் துணி. வயதானவர்கள் இறந்தால் உடலைக் கிடத்தும் கட்டிலையும் சுவரையும் குடும்பத்துத் துணிகளால் அலங்கரிக்கிறார்கள். பாட்டி வைத்த துணி, அவளுடைய பாட்டி வைத்த துணி என்று பெட்டியில் பாதுகாத்து, அன்றைக்கு எடுக்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கைகளின் வேலையும் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா நெய்த கைலி ஒன்றுகூட இல்லை. எல்லாமே விற்கிறதற்கு நெய்தது.

அண்ணா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கட்டத்துணியின் பண்பாட்டை நம்மிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. நம்மைவிட நன்றாக ஒருவர் வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 4, காலை 8:05

திருத்தம். நேற்று இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஆப்பிரிக்காவுக்குப் போனது நம்ம கைலி இல்லடி, அது ரூமால்" என்றார். அவர் சொல்வது சரி. மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனதை வியாபாரத்தில் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்பார்கள். பெயரில்தான் கைக்குட்டை. சதுரம் சதுரமாக வரும்படி நீளமாக நெய்து அனுப்புவார்கள், அவர்கள் அதை இடுப்பில் சுற்றிக்கொள்வார்கள். அதற்குப் பேர்போன இடம் ஆந்திராவின் சீராலா, அப்போது மதராஸ் மாகாணம். குறிஞ்சிப்பாடி, குடியாத்தம் பக்கம் கைலிதான் பிரதானம். கட்டம் ஒன்று, சாயம் ஒன்று, சரக்கு வேறு. 'எங்கள் ஊர்ப் பக்கத்துக் கைகள்' என்று நான் எழுதியதை 'மதராஸ் நெசவாளிகளின் கைகள்' என்று மாற்றிப் படியுங்கள்.

பெட்டியைப் பற்றிச் சொன்னதையும் அம்மா திருத்தினார். தாத்தா நெய்தது ஒன்று இருக்கிறதாம், பாதிக் கைலி. பாவு தீர்ந்துபோய் முழு அளவு வராததால் நெசவாளர் கூட்டுறவு சொசைட்டியில் எடுக்கவில்லை. அதை அம்மா எனக்குத் தூளி கட்டப் பயன்படுத்தியிருக்கிறார். நான் வளர்ந்தது அந்தத் துணியில்தான் என்று இந்த வயதில் தெரிந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 4, காலை 8:20

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் உலக வியாபாரம் நல்லதுதான், அழிவே இல்லை என்கிறீர்களா?"

இல்லை. கடை திறக்கணும், இரவு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5, இரவு 10:30

முதல் நாள் 'காசு கொடுத்து' என்று எழுதினேன். அந்த இரண்டு வார்த்தை நாலு நாளாக உறுத்துகிறது.

மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு இந்தியத் துணி போனது எதற்காக? அங்கே மனிதர்களை வாங்குவதற்காக. அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் ஐரோப்பியர்கள் கொடுத்த பண்டங்களில் நம் பருத்தித் துணி முக்கியமான ஒன்று. சோழமண்டலக் கரையில் நெய்த துணியையும் கொடுத்துத்தான் அந்த மனிதர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். அதன் பிறகு, 19ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியிலிருந்து 'கினி' என்ற அவுரிச்சாயத் துணி செனகலுக்குப் போனது. அங்கே பிசின் வியாபாரத்தில் அதுவே பணம் மாதிரி புழங்கியது. புதுச்சேரி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பிவரும் தூரம். பரங்கிப்பேட்டை, கடலூர் துறைமுகங்கள் அதைவிடக் கிட்டே. இங்கே குழித்தறியில் கால் வைத்து மிதித்த ஆளுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. தெரிய வழியும் இல்லை. ஆனாலும் துணி போன இடத்தையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்த நான் இதையும் சொல்லியாக வேண்டும்.

கலபாரிப் பெண்கள் பிளேடை எடுத்த துணி எந்த வழியாக அந்தக் கரைக்கு முதலில் போனது என்று நினைத்தால் வயிறு என்னவோ செய்கிறது. அந்த வழியில் வந்த பண்டத்தையும் தன் வீட்டுச் சாவுக்கும் பிறப்புக்கும் உரியதாக மாற்றிக்கொண்டார்களே, அதை இப்போது முன்னைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 7, காலை 9:40

இன்றைக்கு தேசியக் கைத்தறி தினம். 1905 ஆகஸ்ட் 7ல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்ட நாள், 2015லிருந்து கைத்தறிக்கு. காலையிலிருந்து வாழ்த்துப் படங்களாக வருகின்றன. எல்லாவற்றிலும் பட்டுச் சேலை. ஒன்றில்கூடக் கைலி இல்லை.

கணக்கைச் சொல்கிறேன். 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நெசவாளர்களும் துணைத்தொழில் செய்கிறவர்களும் சேர்ந்து சுமார் 43 லட்சம் பேர். 2019-20 கணக்கெடுப்பில் சுமார் 35 லட்சம். அந்தக் கணக்கெடுப்பின்போது இருந்த நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்குக் கீழே சம்பாதித்தது. நெய்கிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். எங்கள் தெருவில் நான் கல்யாணமாகிப் போகும்போது வீட்டுக்கு வீடு தறி. இப்போது மூன்று. அதில் ஒன்று என் தம்பி வீட்டில்.

கைலிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1985ல் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதலில் 22 ரகம், பிறகு 11 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பதினொன்றிலும் லுங்கி இருக்கிறது. அந்த ரகத்தை விசைத்தறியில் ஓட்டக்கூடாது. சந்தையில் நீங்கள் வாங்கும் கைலியைத் திருப்பிப் பாருங்கள், எந்தத் தறியில் ஓடியது என்று எங்கள் அம்மா இருட்டில் தடவிச் சொல்லிவிடுவார்.

ஆகஸ்ட் 7, இரவு 11:50

காலையில் எழுதியது கணக்கோடு நின்றுவிட்டது. உலகமயமாக்கல் எங்கள் வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக வந்தது என்று சொல்லவில்லை. அது பெர்முடா வழியாக வரவில்லை. நூல் சிட்டம் (நூல் கட்டு) வழியாக வந்தது.

2010-11ல் உலகம் பூராவும் பஞ்சு விலை ஏறியது. நூல் விலை வாரத்துக்கு வாரம் ஒன்று. அப்பா அப்போது ஒரு வியாபாரியிடம் நூல் வாங்கி, துணியாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர். கைலி விலையை ஏற்றினால் கடைக்காரர் எடுக்கமாட்டார் என்று வியாபாரி கூலியில் பிடித்தார். தீபாவளிக்கு முன் வரவேண்டிய மூன்று பாவு வரவில்லை. பாவு இல்லாத தறியைப் பார்த்திருக்கிறீர்களா? குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். எழுந்து போனால் தொழிலை விட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும் என்பதுபோல. அந்த வருஷம்தான் தம்பி பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போனான். அவன் திரும்பித் தறியில் உட்கார ஏழு வருஷம் ஆச்சு.

நியூயார்க்கில் பஞ்சு விலை ஏறினால் குறிஞ்சிப்பாடியில் கூலி குறைகிறது. அது இறங்கும்போது மட்டும் கூலி ஏறவில்லை. இதைத்தான் நான் அழிவு என்கிறேன். பையன்கள் டிராக் பேண்ட் போடுவதை என்னால் அழிவென்று சொல்ல முடியவில்லை, அதைத் தைக்கிறவளும் நான்தான்.

ஆகஸ்ட் 8, காலை 7:00

ஒருவர் பவானி ஜமக்காளத்தை ஞாபகப்படுத்தியிருக்கிறார். அருமை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மில் துணி வந்து இறங்கியபோது, அதோடு போட்டி போட முடியாமல் பவானி நெசவாளர்கள் கண்டுபிடித்த ரகம்தான் அந்தப் பட்டை போட்ட ஜமக்காளம். நெருக்கடியிலிருந்து பிறந்ததை இன்று நாம் ஆதிகாலத்துச் சொத்து என்று கல்யாணத்துக்கு விரிக்கிறோம். எனக்கு அதில் குறையே இல்லை. தொழில் தெரிந்த கை சும்மா இருக்காது.

ஆகஸ்ட் 11, இரவு 9:30

அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத்துணி பற்றிச் சிலர் கேட்டீர்கள். சுருக்கமாக. 1958ல் ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் இந்தியா வந்து அந்தத் துணியைப் பல்லாயிரம் கஜம் வாங்கி, நியூயார்க்கின் பெரிய ஆண்கள் துணிக்கடைக்கு விற்றார். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசணும் என்ற செய்தி மட்டும் கடைக்குப் போகவில்லை. துவைத்த வீட்டிலெல்லாம் சாயம் ஓடியது. வழக்குக்குப் போக வேண்டிய விஷயம், விளம்பரக்காரர்கள் கைக்குப் போனது. சாயம் போவதற்கு உத்தரவாதம், ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் என்று எழுதினார்கள். கல்லூரிப் பையன்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

எங்கள் தெருவில் 'சாயம் போச்சு' என்பதைவிடப் பெரிய வசவு கிடையாது. அப்பா புதுக் கைலியின் மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்ப்பார், கறை விழுந்தால் முகம் சுருங்கிவிடும். அதே கறைக்கு அங்கே கூடுதல் விலை. யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பின்னாலும் துணி உண்டு. 1687 முதல் 1692 வரை மதராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேல் 1718ல் அந்தக் கல்லூரிக்கு அனுப்பிய மூட்டைகளில் துணி இருந்தது. விற்றதில் 562 பவுண்டு கிடைத்து, கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். நெய்தவர் பெயர் எங்கும் இல்லை.

ஆகஸ்ட் 12, காலை 6:30

நேற்று எழுதியதைப் படித்தால் அந்தக் காலம் பொற்காலம் மாதிரித் தொனிக்கிறது. அது தப்பு. தாத்தா வியாபாரியிடம் பட்ட கடனை அப்பாதான் அடைத்தார். கட்டம் அவர் விருப்பப்படி இருந்ததே இல்லை. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறி ஒரு மாதம் வேலை இருக்காது, அந்த மாதம் கஞ்சிதான். துணிக்குப் போடுகிற கஞ்சியும் வயிற்றுக்குப் போகிற கஞ்சியும் ஒரே பானையில் கொதித்த வீடு அது.

ஆகஸ்ட் 19, இரவு 10:10

சித்தப்பா மகன் இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு போன் செய்தான். அவன் ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறான். "அக்கா, நீ எழுதினதப் பார்த்தா நான் திருடன் மாதிரி இருக்கு" என்றான்.

அவனைத் திருடன் என்று சொல்ல என்னால் முடியாது. அவன் அப்பாவும் குழித்தறியில் முட்டி தேய்ந்தவர்தான். என் மகள் நர்சிங் சேர்ந்தபோது முதல் வருஷக் கட்டணத்தில் பாதி அவன் கொடுத்தது, விசைத்தறிக் காசு. அவனிடமும் கேட்டேன், கட்டத்தை யார் முடிவு பண்றாங்க என்று. "டிசைன் வாட்ஸ்அப்பில வரும்க்கா. யார் கட்டுவாங்க, எந்த ஊருக்குப் போகுது, ஒண்ணும் தெரியாது. மீட்டர் கணக்குதான்." மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய தறிக்கு இன்னும் தவணை கட்டுகிறான், கரண்ட் கட்டணம் ஏறியதும் இரண்டு ஷிஃப்ட் ஒன்றாகிவிட்டது.

தாத்தாவுக்காவது லேபிளில் ஒரு பிறை நிலா இருந்தது. பள்ளிவாசலுக்குப் போகிறவர் கட்டுவார் என்று அதை வைத்து ஊகித்திருப்பார். இவனுக்கு அதுவும் இல்லை. ஆகஸ்ட் 7ல் 'சட்டம் இருக்கு' என்று நான் எழுதியதை நீக்கவில்லை, சட்டம் சட்டம்தான். ஆனால் அதை எழுதியபோது என் மனசில் இருந்த எதிரியின் முகம் இப்போது இல்லை.

செப்டம்பர் 6, மதியம் 3:00

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். கரீபியன் தீவுகளில் இந்தத் துணிக்கு இன்னமும் பெயர் 'மத்ராஸ்'. 1996ல் நாம் நகரத்தின் பெயரை மாற்றிவிட்டோம், அவர்கள் மாற்றவில்லை. குவாதலூப், மார்த்தினிக், டொமினிக்கா, செயின்ட் லூசியா எல்லாவற்றிலும் விழா உடுப்பு என்றால் அந்தக் கட்டத்துணிதான். செயின்ட் லூசியாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு கிரியோல் நாள், தெரு முழுக்கக் கட்டம். குவாதலூப், மார்த்தினிக் பெண்கள் தலைத்துணியைக் கட்டும் முறையில் சேதி வைத்தார்கள். ஒரு முனை நீட்டியிருந்தால் மனசு காலி, இரண்டு என்றால் ஆள் இருக்கிறார், மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது.

புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம் ஆட்களைக் கரும்புத் தோட்டக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் மார்த்தினிக்குக்கு 1853லும் குவாதலூப்புக்கு 1854லும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் இறங்கும்போது எதிரே நின்ற கறுப்பினப் பெண்கள் தலையில் மதராஸ் கட்டம் ஏற்கெனவே இருந்திருக்கும், ஏனென்றால் துணி ஒரு நூற்றாண்டு முன்பே அங்கே போய்விட்டது. மொழி தெரியாத கரையில் ஊர்த் துணியை முதலில் பார்த்த கண்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 27, இரவு 8:45

கிட்டத்தட்ட இரண்டு மாதமாக எழுதவில்லை, தீபாவளித் தையல். இப்போது மழை. தம்பி வீட்டுக் குழியில் தண்ணீர், தறி நிற்கிறது. அம்மாவைப் பார்க்க வந்தேன், பஸ் போகாததால் மூன்று நாளாக இங்கேதான்.

நேற்று மதியம் அப்பாவின் பழைய கைலி ஒன்றை எடுத்து, ஊசியும் பிளேடுமாக உட்கார்ந்தேன். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து செய்து பார்க்கணும் என்று இருந்தது. ஓர் இழையை நெம்பித் தூக்குவதற்குள் கண் கலங்கிவிட்டது. வெட்டினால் பக்கத்து இழையும் சேர்ந்து போனது. ஒரு கட்டைவிரல் அளவு இடத்துக்கு ஒரு மணி நேரம்.

அம்மா பார்த்துவிட்டார். "நெய்ஞ்ச துணிய யாராச்சும் வெட்டுவாங்களா? அதுவும் அவரோடத?" குரலே மாறிவிட்டது. நான் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக.

அம்மாவின் வேலை ஒரு காலத்தில் அச்சுப் பிணைப்பது. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொன்றாகச் சேர்க்கணும், ஒரு கைலிப் பாவுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இழை. விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு மடக்கு, விட்டுவிடுவார். முடிச்சு இருக்காது, பிரியவும் செய்யாது. பேசிக்கொண்டே செய்வார், கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கைலியை என்னிடமிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நான் வெட்டிய இடத்தை விரலால் தடவினார். "இது பாவு இழை. இத வெட்டினா துணி நிக்காது. ஊடைய எடு" என்றார். ஊடை என்றால் குறுக்கே ஓடும் இழை. அப்புறம் அவரே ஊசியை வாங்கிக்கொண்டார். எழுபத்தாறு வயசு. சாம்பல் கேட்டார், கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? விபூதி மடலை எடுத்துக் கொடுத்தேன். விரலில் தொட்டுக்கொண்டு ஒரு மஞ்சள் இழையைத் தூக்கினார். பக்கத்து இழை அசையவில்லை. நான் வெட்டினேன், அவர் உருவினார்.

கலபாரிக்காரர்களும் மஞ்சளைத்தான் எடுப்பார்களா, கறுப்பை விடுவார்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை இழையைத் தேர்ந்துதான் எடுப்பார்கள் என்றேன். "அப்ப நெய்யும்போதே அவங்களுக்கு எது எடுக்கணும்னு தெரிஞ்சா, அந்த ஊடைய மட்டும் கொஞ்சம் தளத்தி விட்டு நெய்யலாமே. யாரும் சொல்லலையே எங்களுக்கு" என்றார்.

அக்டோபர் 28, காலை 7:15

ராத்திரி இன்னும் பதினோரு இழை எடுத்திருக்கிறார், நான் தூங்கின பிறகு. கைலியைத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டிருக்கிறார். கேட்டதற்கு, எந்தத் துணியானாலும் கஞ்சிப் பிடிப்பு போன பிறகுதான் இழை வழுக்கி வரும், அந்தப் பொம்பளைங்களும் அலசிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க, நீ கேட்டுப் பாரு என்கிறார்.

யாருக்காவது கேட்க வழி தெரிந்தால் சொல்லுங்கள்.